வாசலுக்கு வரும் மருந்து: வாங்குமுன் சில வார்த்தைகள்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ முகாமில், அஸர் தொழுகைக்குப் பின் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





முகாமுக்கு வரும்போது வீட்டில் இருக்கும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று போன மாதம் சொல்லியிருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், நிறைய பேர் எடுத்து வந்தீர்கள். காலையிலிருந்து அந்தப் பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் நம் கடைத்தெரு மெடிக்கல் பெயர் போட்ட காகித உறைகள்தான் இருக்கும். இப்போது பாதிக்குப் பாதி கூரியர் உறைகள். செல்போனில் ஆர்டர் போட்டு வந்தவை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் 30 வருடம் மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்றவன். "இவர் வியாபாரம் படுத்துவிட்டது, அதனால் ஆன்லைனைக் குறை சொல்கிறார்" என்று யாரும் நினைக்க வேண்டாம். கடையை விட்டு இரண்டு வருடமாகிறது. ஆன்லைனில் வாங்குவது எல்லாமே தப்பு என்று சொல்லவும் நான் வரவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், மருந்துக் கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்கும் அது உதவிதான். எங்கே ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாய். பல வருடமாகச் சர்க்கரை நோய். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நல்ல பிள்ளை. உம்மாவுக்கு மருந்து தீரக்கூடாது என்று, அங்கிருந்தபடியே மாதாமாதம் ஆப்பில் ஆர்டர் போட்டுவிடுவார். மருந்து வாசலுக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டு இரண்டு வருடத்துக்கு முந்தியது. அதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்.

போன ரமலானுக்கு முன் வந்த பார்சலில், வழக்கமான கம்பெனி மாத்திரை இல்லை என்று, அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் அனுப்பியிருந்தார்கள். இரண்டிலும் இருந்தது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைதான். ஆனால் அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் பெயர் வேறு. அந்தத் தாய், "டாக்டர் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார் போல" என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் மிச்சமிருந்த பழைய அட்டையில் ஒன்று, புது அட்டையில் ஒன்று என்று இரண்டையும் சஹர் நேரத்தில் போட்டுக்கொண்டு நோன்பு வைத்தார்.

மூன்றாவது நோன்பு. அஸருக்கு எழுப்பப் போன மருமகள் பார்த்தால், உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை. 108க்குப் போன் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை அளவு 38. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது உங்களில் பலருக்குத் தெரியும். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் விழித்தார். ஆனால் அந்த மாத்திரையின் வேகம் உடம்பில் நெடுநேரம் நிற்கும் என்பதால், இரண்டு நாள் வைத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். இன்றும் நன்றாக இருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மருந்து போலி மருந்து இல்லை. காலாவதியானதும் இல்லை. அனுப்பியவர்கள் மோசடிக்காரர்கள் என்றும் சொல்ல முடியாது. மகன் மேலும் குற்றமில்லை. பிறகு எது தப்பிப்போனது? அந்த மாத்திரைக்கும் அந்தத் தாய்க்கும் நடுவில் ஒரு மனிதர் இல்லாமல் போனார். "உம்மா, இதுவும் அதுவும் ஒன்றுதான், இரண்டையும் போடாதீர்கள்" என்று சொல்ல ஒருவர் இல்லை. "நோன்பு வைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் டாக்டரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஒருவர் இல்லை.

சகோதரர்களே, மருந்துச் சீட்டு கேட்பது நம்மை அலைக்கழிப்பதற்காக அல்ல. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. அவற்றின்படி சில மருந்துகளை, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. உங்கள் கையிலுள்ள மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருக்கும். மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். அது அட்டவணை எச் மருந்து. வீரியமான சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரை, டிராமடால் போன்ற வலி மாத்திரை இவற்றுக்கு 2014 மார்ச் முதல் எச்-1 என்று தனி அட்டவணையே வந்தது. அவற்றை விற்றால், எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

மருந்துக் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படிவம் 20, படிவம் 21 என்று இருக்கும். பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரின் மேற்பார்வையில்தான் சீட்டு மருந்து விற்க வேண்டும். ஏதாவது நடந்தால் கேள்வி கேட்க ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. நியாயமாகச் சொல்வதென்றால், சீட்டே பார்க்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் நம் தெருவிலும் உண்டு. அதுவும் தப்புதான். ஆனால் அங்கே போய்ச் சண்டை போடவாவது முடியும்.

இந்த விதிகள் எழுதப்பட்ட காலத்தில் இணையம் கிடையாது. ஆன்லைன் மருந்து விற்பனைக்கென்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் ஒரு வரைவை வெளியிட்டது. அந்த வருடம் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உரிமம் இல்லாத ஆன்லைன் விற்பனைக்கு எதிராக உத்தரவுகள் வந்தன. சென்னை உத்தரவு அடுத்த மாதமே மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. வரைவு வந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. வியாபாரம் அதைவிட வேகமாக ஓடுகிறது. ஆகவே நம் பாதுகாப்பை முதலில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆன்லைன் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உரிமம் பெற்ற மருந்தகத்திலிருந்து அனுப்புவது. சீட்டு கேட்பார்கள், பில் வரும், பில்லில் கடையின் முகவரியும் உரிம எண்ணும் இருக்கும். இதில் இருக்கும் ஆபத்து, நான் முதலில் சொன்ன ஆபத்து: மருந்து சரியாக இருந்தாலும், ஆளைப் பார்த்துக் கொடுப்பவர் இல்லை.

இரண்டாவது வகைதான் பெரிய ஆபத்து. வாட்ஸ்அப்பில் ஒரு எண், இன்ஸ்டாகிராமில் ஒரு படம், பேஸ்புக்கில் ஒரு விளம்பரம். சீட்டு வேண்டாம், பாதி விலை, ரகசியமாக அனுப்புகிறோம் என்பார்கள். முகவரி இருக்காது. இந்த வழியில் வருகிற மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெறும் மாவாக இருக்கலாம். மருந்து இருக்க வேண்டிய அளவில் கால் பங்கு இருக்கலாம். வேறொரு மருந்தே இருக்கலாம். வருமானம் குறைந்த மற்றும் நடுத்தர நாடுகளில் புழங்கும் மருத்துவப் பொருட்களில் பத்தில் ஒன்று தரமற்றது அல்லது போலியானது என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. அது எல்லா வழிகளையும் சேர்த்த கணக்கு. முகவரியே இல்லாதவரிடம் வாங்கினால் நிலைமை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. உடல் எடை குறையும் என்று பலரும் தேடி ஓடுகிற ஓசெம்பிக் ஊசி இருக்கிறதே, அதன் போலியைப் போட்டுக்கொண்டு 2023 அக்டோபரில் ஆஸ்திரியா நாட்டில் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி, வலிப்பு வரை போனது. அந்த ஊசியில் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் சந்தேகித்தார்கள். அடுத்த வருடம் ஜூன் மாதம், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலி ஊசிகள் பிடிபட்டதைச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. அவ்வளவு கெடுபிடியான நாடுகளிலேயே இப்படி.

அடுத்தது வெயில். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. இன்சுலினைத் திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில், ஒரு கூரியர் பையனின் வண்டிப் பெட்டிக்குள் மத்தியானம் முழுக்க அது கிடந்தால் என்ன ஆகும்? வீரியம் குறையும். பார்ப்பதற்கு மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று நாம் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டிக் கிடந்து உறைந்துபோனாலும் இன்சுலின் கெட்டுப்போகும். உறைந்ததைத் திரும்ப உருக்கிப் போடக்கூடாது. ஆகவே இன்சுலினைப் பக்கத்தில் இருக்கும் கடையில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது வாங்குங்கள். அல்லது அரசு மருத்துவமனையில் வாங்கி, குளிர்ப் பையில் வைத்து நேராக வீட்டுக்கு வாருங்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நம் மக்கள் ஆன்லைனுக்குப் போவதற்கு விலை மட்டும் காரணமில்லை. வெட்கமும் ஒரு காரணம். சின்ன ஊர். மெடிக்கலில் நிற்பவர் நம் சொந்தக்காரராக இருப்பார், அல்லது பள்ளிவாசலில் பக்கத்து ஸஃப்பில் நிற்பவராக இருப்பார். அவரிடம் போய்ச் சில மருந்துகளை எப்படிக் கேட்பது என்று கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் முகவரி இல்லாத வியாபாரிகள் காசாக்குகிறார்கள்.

ஆண்மைக் குறைவுக்கு என்று ரகசியமாக வாங்குகிற மாத்திரைகளில் சில்டெனாஃபில் என்ற மருந்து இருக்கும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதையும் போட்டால், ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிரே போகலாம். ஒரு டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே "உங்களுக்கு இதய நோய் இருக்கிறதா?" என்பதுதான். வாட்ஸ்அப்காரர் அதைக் கேட்கமாட்டார். "இது மூலிகை, பக்க விளைவே இல்லை" என்றும், யுனானி என்றும் பெயர் போட்டு விற்பவற்றில், சொல்லாமலேயே இந்த மருந்தைக் கலப்பதுண்டு. மூட்டுவலிச் சூரணத்தில் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. இதனால் கெட்ட பெயர் யுனானிக்குத்தான். முறையான யுனானி வைத்தியம் வேண்டுமென்றால், சென்னையில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற ஹகீம்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணம் பேசியதும் பெண்ணுக்கு நிறம் வர வேண்டும் என்று கிரீம் தேடுகிறோம். ஆன்லைனில் வரும் பல கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பத்து நாளில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் திரும்பவும் அதையே தடவ வேண்டியிருக்கும். அதனால்தான் 2018இல் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கினார்கள். பிள்ளையின் முகமும் அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதை விளம்பரக்காரன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, வளைகுடா போகிறவர்களுக்கும் உம்ரா, ஹஜ் போகிறவர்களுக்கும். "என் மகனுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது பார்சல் தந்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கிற டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டும் பில்லும் இல்லாமல் பிடிபட்டால் சிறைக்குப் போக நேரிடும். ஆன்லைனில் சீட்டில்லாமல் வாங்கிய மருந்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்?

சரி, விலை? அதுவும் நியாயமான கவலைதான். மாதம் மூவாயிரம், நாலாயிரம் மருந்துக்கே போகிற வீடுகள் நம் மஹல்லாவில் இருக்கின்றன. பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் மனம் அங்கேதான் போகும். ஆனால் அதைவிடக் குறைவாக, கையெட்டும் தூரத்தில் வழி இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்தால், பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து தருகிறார்கள். வாசலுக்கு மருந்து வர வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி எது? விலைக்கு வாங்குவதாக இருந்தால், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அங்கே கம்பெனிப் பெயர் இல்லாமல், மருந்தின் மூலப் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. "டாக்டர், மூலப் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அதற்கும் வசதியில்லாதவர்கள் நம் அறக்கட்டளையின் பைத்துல்மாலுக்கு வாருங்கள். டாக்டர் சீட்டோடு வாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பெயர் வெளியே போகாது. மருந்துக்காக யாரும் முகம் தெரியாதவரிடம் போய் ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் நிர்வாகிகள் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு கேட்காமல் சீட்டு மருந்தைத் தருபவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அந்த ஒன்றே அவர் யாரென்று காட்டிவிடும்.

பழைய சீட்டையே திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். டாக்டர் மறுபடி வரச் சொன்ன தேதிக்குப் போய்ப் பார்த்து, புதுச் சீட்டு வாங்குங்கள்.

பார்சல் வந்ததும் பில்லில் இருக்கும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எழுத்துப் பிழை, மங்கலான அச்சு, பிரித்து ஒட்டிய பெட்டி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அதிகம் விற்கும் 300 மருந்துகளில் 2023 ஆகஸ்டுக்குப் பின் தயாரானவற்றுக்குக் கியூஆர் கோடோ பார்கோடோ கட்டாயம். செல்போனில் ஸ்கேன் செய்தால் தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

புதுப் பெயரில் மாத்திரை வந்தால், பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை மட்டும்தான் போட வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பது வீட்டிலிருக்கும் இளைஞர்களின் கடமை.

மருந்து போட்டபின் புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி. மாவட்டத்தில் இருக்கும் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். மருந்தின் பக்க விளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. இந்தச் சிறப்பிதழ் உங்கள் கைக்கும் வரும் என்று தெரியும். உம்மாவுக்கும் அத்தாவுக்கும் மருந்து அனுப்புகிறீர்கள்; அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் மருந்து வாசலுக்கு வந்து சேர்ந்தது என்ற செய்தி உங்கள் போனுக்கு வருவதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாதம் ஒருமுறை வீடியோ போட்டு, "உம்மா, மருந்துப் பையைக் கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம்தான். நான் சொன்ன அந்த மகன் இப்போது அதைத்தான் செய்கிறார்.

ரமலான் வருவதற்கு ஒரு மாதம் முன்பே சர்க்கரை, இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எப்போது எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பற்றி ஆலிம்களிடம் கேளுங்கள். நோன்பு நேரத்தில் நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் நோன்பை விட்டுவிட்டு உடனே இனிப்பாக எதையாவது குடியுங்கள். பார்க்கக் கருவி இல்லையென்றால், பார்க்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

இன்று யாரெல்லாம் பை கொண்டு வரவில்லையோ, அடுத்த முகாமுக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துச் சொல்கிறேன்.

நம் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. நோயில் இருப்பவர்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.